குழந்தையின் சொல்லை அச்சேற்றியவர்: செலஸ்தேன் ஃபிரெனே

பிரான்ஸ் நாட்டின் தென்கிழக்குக் கோடியில், நீஸ் நகருக்குப் பின்புறம் உயரும் மலைப்பகுதியில் கார்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 1896ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் செலஸ்தேன் ஃபிரெனே அங்கே ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆடு மேய்ப்பவர்களும் சிறு நிலங்களை உழுதவர்களும் வாழ்ந்த ஊர் அது. பிற்காலத்தில் கல்வி பற்றி அவர் எழுதிய நூல்களில் ஓடையும் விதையும் மந்தையும் மேய்ப்பனும் ஓயாமல் வந்துகொண்டிருப்பதற்கு அந்த இளமையே காரணம். கோட்பாடு பேசும் இடத்திலும் அவர் கைக்கு முதலில் அகப்பட்டவை நாட்டுப்புறத்தாரின் சொற்கள்தாம்.

ஜூல் ஃபெரியின் சட்டங்கள் 1881, 1882 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கியிருந்தன. ஊர்தோறும் அரசுப் பள்ளி எழுந்தது. அறிவுள்ள ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே எட்டக்கூடிய படிக்கட்டாக இருந்தது. ஃபிரெனே 1912இல் நீஸ் நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். உலகப் போர் குறுக்கிட்டது. 1915இல் படைக்கு அழைக்கப்பட்டார். 1917 அக்டோபரில் ஷெமேன் தெ தாம் போர்முனையில் குண்டு அவருடைய நுரையீரலில் பாய்ந்தது. அப்போது வயது 21. நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து உயிர் பிழைத்தார். மூச்சு மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை.

1920 ஜனவரியில் கிராஸ் நகருக்கு அருகிலுள்ள பார்-சூர்-லூ என்ற ஊரின் இரு வகுப்புப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. அன்றைய வகுப்பறை என்பது மேடை, மேடைமேல் மேசை, மேசைக்குப் பின்னால் ஆசிரியரின் குரல். அந்தக் குரல் நாள் முழுதும் ஓங்கி ஒலித்தால்தான் பள்ளி நடக்கும். ஃபிரெனேயால் சிறிது நேரத்துக்கு மேல் பேச இயலவில்லை, மூச்சு இரைத்தது. ஆசிரியரின் குரல் ஓய்ந்ததால் பிள்ளைகளின் குரல் எழுந்தது என்றுதான் அவருடைய கதையை வழக்கமாகச் சொல்வார்கள். அவரும் அப்படிச் சொன்னதுண்டு. அது பாதி உண்மை. போரில் உடல் பழுதுபட்டு வகுப்பறைக்குத் திரும்பிய ஆசிரியர்கள் அக்காலத்தில் பலர். அவர்கள் எல்லாரும் அச்சுப்பொறி வாங்கிவிடவில்லை. ஃபிரெனே ரூஸோவையும் பெஸ்தலோட்சியையும் படித்தார். 1922இல் ஜெர்மனிக்குச் சென்று ஹாம்பர்க் பகுதியின் சுதந்திரப் பள்ளிகளைப் பார்த்தார். 1923இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே நகரில் கூடிய புதிய கல்வி மாநாட்டில் அக்காலத்துக் கல்வி அறிஞர்களின் உரைகளைக் கேட்டார். கேட்டுவிட்டு ஊர் திரும்பியபோது அவருக்கு மிஞ்சியது சோர்வே. அறிஞர்கள் பேசிய பள்ளிகளில் குறைந்த பிள்ளைகள், நிறைந்த கருவிகள். பார்-சூர்-லூவிலோ பழைய பெஞ்சுகளும் கிழிந்த பாடநூல்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும். ஏழைப் பள்ளியில் செய்ய முடியாததை எவ்வளவு அழகாகப் பேசினாலும் என்ன பயன் என்ற கேள்வி அன்று முதல் அவரை விடவில்லை. அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில் எனலாம்.

முதலில் அவர் செய்தது பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றதுதான். பிற்பகல்களில் வகுப்பு முழுவதும் வயல்களுக்கும் ஓடைக்கும் தச்சர், நெசவாளர் பட்டறைகளுக்கும் போயிற்று. திரும்பி வந்ததும் கண்டதைப் பிள்ளைகள் சொல்ல, அவர் கரும்பலகையில் எழுதினார். தாங்கள் சொன்ன சொற்கள் பலகையில் ஏறியதைப் பிள்ளைகள் ஆவலோடு படித்தார்கள். பிறகு வாசிப்புப் பாடநூலைத் திறக்க வேண்டியிருந்தது. அதிலோ வேறெங்கோ உள்ள வாழ்க்கை. முகங்கள் வாடுவதை அவர் கண்டார். அதைவிட அவரை உறுத்தியது, பலகையில் எழுதியதை மாலையில் அழித்துவிட வேண்டியிருந்ததே. பாடநூலின் சொல் அச்சில் நிலைத்திருக்கிறது; பிள்ளையின் சொல் சுண்ணத்தூளாகி உதிர்கிறது. எது மதிப்புடையது என்பதைப் பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1924இல் அவர் ஒரு சிறு கை அச்சுப்பொறியை வாங்கினார். தொழில்முறை அச்சகத்தார் கண்டால் விளையாட்டுப் பொருள் என்று சிரிக்கக்கூடிய அளவு சிறியது. கையகலத் தாளில் சில வரிகள் அச்சாகும். பிள்ளைகளுக்கு அது போதுமா என்று அவருக்கே ஐயம் இருந்தது. அவர்கள் விரைவிலேயே கைதேர்ந்தார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகவும் இடவலம் மாறியும் கோத்து, மசி தடவி, அழுத்திய தாளைத் தூக்கிப் பார்க்கும்போது தங்கள் வரிகள் அங்கே இருந்தன.

கையால் அச்சுக் கோத்துச் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒவ்வோர் எழுத்தாகக் கோக்கும்போது வேண்டாத சொல் கையிலேயே கனக்கும். எழுத்துப்பிழை ஆசிரியரின் சிவப்பு மையால் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். அச்சான பின் எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். அப்போது சொல் மறுபடியும் ஒருமுறை கண்ணில் பட்டுக் கலையும். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, வரி முறிப்பு ஆகியவற்றைத் தனிப்பாடமாக நடத்தாமலே பிள்ளைகள் அங்கே பழகினார்கள். ஃபிரெனே கருவிகளின்மேல் வைத்த நம்பிக்கை இங்கிருந்து பிறந்தது. உபதேசத்தைக் கூட்டுவதைவிட வகுப்பறையில் உள்ள பொருள்களை மாற்றினால் உறவுகள் தாமே மாறும் என்று அவர் கருதினார். மேடையையும் அகற்றினார்.

சில ஆண்டுகளில் இந்த வேலை ஒரு முறையாக உருப்பெற்றது. பிள்ளை தான் விரும்பியபோது, விரும்பிய பொருள் பற்றி எழுதி வரும். காலையில் அவற்றை வகுப்பில் படிப்பார்கள். அச்சேற வேண்டியது எது என்று எல்லாரும் வாக்களிப்பார்கள். தேர்ந்த எழுத்து பலகைக்கு வரும். எழுதிய பிள்ளையின் இசைவோடு வகுப்பு அதைத் திருத்தும். இலக்கணப் பாடம் அந்த வரிகளிலிருந்தே கிளம்பும். பிறகு அச்சு. அச்சான தாளை ஒவ்வொருவரும் தம் கோப்பில் சேர்ப்பார்கள். அந்தக் கோப்புக்கு வாழ்க்கைப் புத்தகம் என்று பெயர்.

கவிஞர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் தோன்றுவது இயல்பு. ஒருவன் எழுதியதை ஊர் கூடித் திருத்தலாமா? கவிதையை வாக்கெடுப்பில் தேர்வதா? தயக்கத்தில் நியாயம் உண்டு. வாக்கெடுப்பில் பெரும்பாலும் வெல்வது எல்லாரும் சிரிக்கும் கதையோ எல்லாரும் கண்ட நிகழ்ச்சியோதான். ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் அரைகுறை வரி தோற்றுப் போகலாம். ஃபிரெனேயின் பக்கத்திலிருந்து சொல்லக்கூடியது இது: அந்தப் பிள்ளை அதுவரை தன் எழுத்துக்கு ஒரே வாசகராக மதிப்பெண் போடும் ஆசிரியரை மட்டுமே அறிந்திருந்தது. இப்போது அதற்குக் கேட்பவர்கள் கிடைத்தார்கள். புரியவில்லை என்று தோழன் சொல்லும்போது பிள்ளை தன் வரியைத் தானே மறுபடி பார்க்கிறது. பின்னாளில் வேறொரு ஆபத்தை ஃபிரெனே கண்டு எச்சரித்தார். கால அட்டவணையில் மணி குறித்து, இப்போது சுதந்திரமாக எழுதுங்கள் என்று கட்டளையிடும் வகுப்புகள் பெருகின. பழைய கட்டுரைப் பாடம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருப்பதாக அவர் வருந்தினார்.

எழுத்துக்கு வாசகர் வேண்டும் என்பதை அவர் அடுத்த படிக்குக் கொண்டுசென்றார். நாட்டின் மறு கோடியில், அட்லாந்திக் கரையிலுள்ள பிரித்தானிப் பகுதியின் த்ரேகங்க் ஊரில், ரெனே தானியேல் என்ற ஆசிரியரும் தம் பள்ளியில் அச்சுப்பொறியை வைத்தார். மலைநாட்டுப் பிள்ளைகளின் தாள்கள் கடற்கரைக்கும், கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் மலைக்கும் போயின. நமக்கு அன்றாடமாக இருப்பது எதிரிலிருப்பவருக்குப் புதுமை என்று தெரிந்தவுடன் பிள்ளை தன் ஊரையே கூர்ந்து பார்க்கத் தொடங்குகிறது. 1926இல் பாரிஸின் பெரிய நாளேடுகளில் ஒன்றான லெ தான் இந்தக் கிராமத்து அச்சகம் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 1927இல் தூர் நகரில் அச்சுப்பொறி வைத்திருந்த ஆசிரியர்களின் முதல் மாநாடு கூடியது. கதிர்க்கட்டு என்னும் பொருள்படும் லா ஜெர்ப் என்ற இதழ் பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துகளைத் தொகுத்து வெளிவந்தது. பிள்ளைகள் எழுதிய கதைகள் ஆன்ஃபான்தீன் என்ற வரிசையில் சிறு நூல்களாயின.

இதற்கிடையே 1926இல் அவர் எலீஸ் லாஜியே-புருனோவை மணந்தார். ஆல்ப்ஸ் மலையின் வல்லூயிஸ் பகுதியைச் சேர்ந்த எலீஸும் ஆசிரியை, மரச்செதுக்கு ஓவியர். பிள்ளைகளின் ஓவியங்களுக்கு அந்த இயக்கத்தில் கிடைத்த இடம் பெரும்பாலும் எலீஸினால் வந்தது. இயக்கத்தின் வரலாற்றை எழுதியவரும் அவரே.

அச்சுப்பொறியைச் சுற்றி வேறு ஏற்பாடுகளும் வளர்ந்தன. கணக்கும் இலக்கணமும் தாமே செய்து தாமே சரிபார்க்கும் அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையும் வாரத் தொடக்கத்தில் வகுத்துக்கொள்ளும் வேலைத்திட்டம், பாடநூலுக்கு மாற்றாகச் சிறு நூல் வரிசை. அவ்வரிசையின் முதல் நூல் 1932இல் வண்டிகளின் வரலாறு பற்றி வந்தது. பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமரும் கிராமப் பள்ளிக்கு இவை பெரும் உதவி. சிலர் அட்டையில் கணக்குப் போட, சிலர் அச்சுக் கோக்க, ஆசிரியர் தேவைப்பட்ட பிள்ளையின் அருகே போய் உட்கார முடிந்தது. சுவரில் ஒரு தாள் தொங்கும். குறை, பாராட்டு, விருப்பம் ஆகியவற்றை யாரும் பெயர் போட்டு எழுதலாம். வார இறுதிக் கூட்டத்தில் அவை பேசித் தீர்க்கப்படும். ஆசிரியர் பற்றிய குறையும் அதில் வரலாம்.

1928இல் ஃபிரெனே தம்பதியர் சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார்கள். ஓவியர்களும் செல்வந்தர்களும் வந்து தங்கும் அழகிய கோட்டை ஊர் அது. அரசுப் பள்ளியோ சுகாதார வசதிக்கே திண்டாடியது. சட்டப்படி பள்ளிக்கு நகராட்சி செய்ய வேண்டியவற்றை ஃபிரெனே எழுத்தில் கேட்டார். மேயர் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. ஃபிரெனே 1925இல் ஆசிரியர் குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போய் வந்தவர், பொதுவுடைமைக் கட்சியினர் என்பதும் பகையை வளர்த்தது.

அந்த நிலையில் 1932இல் ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிப் பொருள்களை இலவசமாகத் தர மறுக்கும் மேயருக்கு எதிராக வகுப்பே கிளம்புகிறது, மேயர் கொல்லப்படுகிறார். அந்த எழுத்து அச்சேறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஃபிரெனேயைத் தாக்கும் சுவரொட்டிகள் ஊரில் தோன்றின. பிள்ளையின் கனவு அதில் குற்றப்பத்திரமாக எடுத்தாளப்பட்டது. வலதுசாரித் தலைவர் ஷார்ல் மொராஸின் அக்சியோன் ஃபிரான்சேஸ் ஏடு விவகாரத்தைக் கையிலெடுத்ததும் ஊர்ச் சண்டை நாட்டுச் சண்டையாயிற்று. ஒரு பகுதிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். மற்றவர்கள் விடாமல் அனுப்பினர். 1933 ஏப்ரல் 24ஆம் நாள், ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, ஒரு கூட்டம் பள்ளியைச் சூழ்ந்து கூச்சலிட்டது. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். ஆசிரியர் சங்கத்தாரும் எழுத்தாளர் சிலரும் ஃபிரெனேயின் பக்கம் நின்றும் பயனில்லை. 1933 ஜூனில் இடமாற்ற ஆணை வந்தது. அவர் அதை ஏற்காமல் விடுப்பில் சென்றார். அரசுப் பள்ளி வகுப்பறைக்கு அதன்பின் அவர் திரும்பவே இல்லை.

அந்தக் கனவை அச்சேற்றியிருக்க வேண்டுமா என்ற கேள்வியை அவருடைய நண்பர்களும் எழுப்பக்கூடும். பகை முற்றியிருந்த ஊரில் ஆசிரியர் அந்தத் தாளை நிறுத்தி வைத்திருக்கலாம், வேலை நிலைத்திருக்கும். ஆனால் நிறுத்தியிருந்தால் அன்றே பிள்ளைகளுக்கு ஒரு செய்தி போயிருக்கும்: எதையும் எழுதலாம் என்பது பொய், பெரியவருக்கு உகந்ததையே எழுதலாம். அதன்பிறகு அவர்களிடமிருந்து நல்ல கட்டுரைகள் கிடைத்திருக்கும். கனவு கிடைத்திருக்காது. ஆசிரியரின் சண்டையைப் பிள்ளை தன் கனவுக்குள் வாங்கிக்கொண்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. பள்ளிக்குத் தண்ணீரும் தாளும் கேட்டு வகுப்பாசிரியர் போராடும்போது அது பிள்ளையின் தூக்கத்தில் நுழையாமல் இருக்குமா? கனவைக் குற்றமாகப் படித்தவர்களுக்குப் பிள்ளையின் எழுத்து என்ற ஒன்றே இருக்க முடியும் என்ற நம்பிக்கை கிடையாது. ஆசிரியர் சொல்லித் தராமல் பிள்ளை எழுதியிராது என்பதே அவர்களுடைய வாதத்தின் அடிப்படை.

ஃபிரெனே வான்ஸ் ஊருக்கு வெளியே குன்றில் நிலம் வாங்கித் தம் கையாலும் நண்பர், மாணவர் உழைப்பாலும் சொந்தப் பள்ளியைக் கட்டினார். 1935இல் அது தொடங்கியது. அரசுப் பள்ளியை ஏழைகளின் பள்ளி என்று நேசித்தவர் தனிப் பள்ளி நடத்த நேர்ந்தது அவர் விரும்பிய முடிவன்று. இயக்கத்து ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளிலேயே தொடர்ந்தார்கள். தம் பள்ளியை அவர்களுக்கான சோதனைக்களமாகவே அவர் கருதினார்.

அச்சுப்பொறி அதற்குள் பிரான்சின் எல்லையையும் கடந்திருந்தது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் கடலோரப் பகுதியில் பிறந்த அந்தோனி பெனாய்ஜெஸ் என்ற இளம் ஆசிரியர் 1934இல் பூர்கோஸ் மாகாணத்தின் பான்யுவேலோஸ் தெ புரேபா என்ற வறண்ட உள்நாட்டுச் சிற்றூருக்கு வந்தார். ஃபிரெனேயின் முறையைப் பின்பற்றி, சொந்தப் பணத்தில் அச்சுப்பொறி வாங்கினார். கடலைக் கண்டேயிராத அவருடைய மாணவர்கள் கடல் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொன்றாக எழுதிய வரிகள் 1936 ஜனவரியில் சிறு நூலாக அச்சாயின. கோடை விடுமுறையில் அவர்களைக் கடலுக்கு அழைத்துப் போவதாக அவர் வாக்களித்திருந்தார். அந்த ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. சில நாட்களிலேயே கலகப் படைத் தரப்பினர் அவரைக் கொன்றார்கள். பிள்ளைகளின் அந்தச் சிறு நூல் இன்றும் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து போருக்குத் தப்பி வந்த பிள்ளைகளுக்கு வான்ஸ் பள்ளி இடமளித்தது.

1940 மார்ச் 20ஆம் நாள் ஃபிரெனே கைதானார். குற்றச்சாட்டு எழுதப்பட்ட வழக்கு எதுவும் இல்லை. அரசியல் ஐயம் போதுமானதாக இருந்தது. முகாமிலிருந்து முகாமாக மாற்றப்பட்டு, உடல்நலம் குலைந்து, 1941 அக்டோபரில் விடுதலையாகி வல்லூயிஸில் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். முகாமில் எழுத்தறியாத கைதிகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். தம் பெருநூல்கள் சிலவற்றை அந்த ஆண்டுகளில்தான் எழுதினார். வகுப்பறை இருந்தவரை கருவிகள் பற்றியே எழுதியவர் வகுப்பறை பறிபோன பிறகு உளவியலும் தத்துவமும் எழுதினார். அந்நூல்கள் நீளமானவை, அவருடைய சிறு குறிப்புகளின் வேகம் அவற்றில் இல்லை. 1944இல் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, விடுதலைக்குப் பின் காப் நகரில் பொதுப்பணி செய்தார்.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் புகழும் கசப்பும் கலந்தவை. 1949இல் ழான்-போல் லெ ஷானுவா இயக்கிய திரைப்படம் ஒன்று கிராமப் பள்ளியில் அச்சுப்பொறி வைத்த ஆசிரியரின் கதையைச் சொல்லி மக்களிடம் பெரும் வரவேற்புப் பெற்றது. அது யாருடைய வாழ்க்கை என்று ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருந்தும் படத்தில் ஃபிரெனேயின் பெயர் இடம்பெறவில்லை. தம் பழைய கட்சியின் அறிவாளிகளே 1950 முதல் அவரைத் தாக்கினார்கள்: கிராமத்தையும் பிள்ளையின் தன்னியல்பையும் போற்றுபவர் பாடப்பொருளையும் ஆசிரியரின் பொறுப்பையும் குறைத்துவிடுகிறார் என்பது குற்றச்சாட்டு. இயக்கத்துக்குள்ளும் பிளவு வந்தது. ஃபெர்னான் ஊரி முதலான பாரிஸ் ஆசிரியர்கள், நகரத்துப் படைமுகாம் போன்ற பெரும் பள்ளிகளுக்குக் கிராமத்து வழிமுறை மட்டும் போதாது என்று கருதி, 1961இல் பிரிந்தார்கள். ஃபிரெனே மாற்றுக்கருத்தை எளிதில் பொறுப்பவராக இருக்கவில்லை. வகுப்பறையில் பிள்ளையின் வாக்குக்குக் கட்டுப்பட்டவர், இயக்கத்தில் தம் வாக்கே நிற்க வேண்டும் என்று எண்ணியது பலரை வருத்தியது.

எனினும் வேலை நடந்துகொண்டிருந்தது. நவீனப் பள்ளிக்கான நிறுவனம் 1947இல் உருவாயிற்று. பல நாட்டு ஆசிரியர்களின் கூட்டமைப்பு 1957இல் அமைந்தது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று அவரும் தோழர்களும் 1950களில் இயக்கம் நடத்தினார்கள். நெரிசலான அறையில் எந்த முறையும் நிற்காது என்பது அவர்கள் பட்டறிவு. அந்த இயக்கத்தைச் சேர்ந்த இத்தாலிய ஆசிரியர் மாரியோ லோதி 1963இல் பார்பியானா மலைக்கிராமத்துப் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகள் கூட்டாக எழுதும் முறையையும் பள்ளிகளுக்கிடையே கடிதம் எழுதும் முறையையும் பாதிரியார் லொரென்ஸோ மிலானியோடு பகிர்ந்துகொண்டார். 1967இல் அப்பள்ளி மாணவர்கள் கூட்டாக எழுதி வெளியிட்ட ஓர் ஆசிரியைக்கான கடிதம் உலகெங்கும் படிக்கப்பட்டது.

1964இல் ஃபிரெனே தம் பட்டறிவை 30 கூறுகளாகச் சுருக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளையும் பெரியவரும் ஒரே இயல்பினர் என்பதில் அது தொடங்குகிறது. ஒவ்வொரு கூறுக்கும் கீழே ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே சோதித்துக்கொள்ள இடம் விட்டிருந்தார். 1966 அக்டோபர் 8ஆம் நாள், 70 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், வான்ஸில் காலமானார். பிறந்த ஊரான கார்ஸிலேயே அடக்கம் செய்தார்கள். எலீஸ் 1983இல் மறைந்தார். குன்றின் மேலிருந்த பள்ளியை 1991இல் பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கி அரசுப் பள்ளியாக்கியது.